ஆல்கோ ஆல்கோவாகவே ஒலிக்க: மாடல் டீசல் லோகோவுக்கு ஒலி டீகோடர் வாங்கும் வழி

பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. எச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) நான் வாங்கிய முதல் மாடல் லோகோ, ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆர்.எஸ்.11. அதில் ஒலி டீகோடர் ஒன்றை, அதாவது இன்ஜின் சத்தம் எழுப்பும் சின்ன மின்னணுப் பலகையை, மாட்டி, பெருமையோடு அவர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். "என்னடா இது, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீரா உறுமுது? ஆல்கோன்னா மூச்சு வாங்கணும்டா!"

ஆர்.எஸ்.11-ஐ அவர் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் 1956-இல் வந்த 1,800 குதிரைத்திறன் லோகோ அது. ஆனால் அதன் உள்ளே இருப்பது ஆல்கோ 251 என்ற 12 சிலிண்டர் இன்ஜின். அதே 251-இன் 16 சிலிண்டர் வடிவம்தான் நம்மூர் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவின் வயிற்றிலும் இருந்தது. வருஷக்கணக்கில் அதைப் பிரித்து மூடியவர் காதை ஏமாற்ற முடியுமா? பெட்டியின் மேல் 'டீசல்' என்று மட்டும் போட்டிருந்த டீகோடரை, விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கியிருந்தேன். உள்ளே பதிவாகியிருந்தது இ.எம்.டி. என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி இன்ஜினின் சத்தம். உருவம் ஒன்று, குரல் வேறொன்று.

அதற்குப் பிறகு ஏழெட்டு டீகோடர்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்ட வரிசை இதுதான்: முதலில் இன்ஜின், பிறகு ஸ்பீக்கர், கடைசியில்தான் கம்பெனிப் பெயர். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

டீகோடர் செய்கிற வேலை

டி.சி. எனப்படும் பழைய முறையில் தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் லோகோ ஓடும், குறைத்தால் நிற்கும். டி.சி.சி. எனப்படும் எண்வழிக் கட்டளை முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், எச்.ஓ.வில் 14, 15 வோல்ட் அளவு. அந்த மின்சாரத்திலேயே கட்டளைகளும் எண்வடிவில் கலந்து போகும். 'மூன்றாம் எண் லோகோ, விளக்கைப் போடு, மெதுவாக முன்னால் போ' என்பது மாதிரி. லோகோவுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். ஒலி டீகோடரில் இதோடு ஒரு நினைவகமும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்து முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் மாடல் ரயில் ஆர்வலர்களின் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால்தான் ஒரு கம்பெனி கன்ட்ரோலரில் இன்னொரு கம்பெனி டீகோடர் தயங்காமல் ஓடுகிறது.

டீகோடருக்குள் இருக்கும் அமைப்பு எண்களுக்கு சி.வி. என்று பெயர். சி.வி. 1 லோகோவின் எண், சி.வி. 3 வேகம் ஏறும் விதம், சி.வி. 4 வேகம் இறங்கும் விதம். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

"என்னிடம் பழைய டி.சி. கன்ட்ரோலர்தான் இருக்கிறது, அதிலேயே சத்தம் வருமா?" என்று கேட்பார்கள். பல டீகோடர்களில் வரும். ஆனால் முதல் சில வோல்ட் டீகோடர் விழிப்பதற்கே செலவாகிவிடும். லோகோ நின்றுகொண்டு உறுமுவதற்கும் ஓடுவதற்கும் இடையில் உங்களுக்கு மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான். ஹார்னை நினைத்த நேரத்தில் அடிக்கவும் முடியாது. ஒலிக்காகப் பணம் போடுவதென்றால் முதலில் சிறிய டி.சி.சி. கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால், பவர் அடாப்டரின் முதுகில் எழுதியிருக்கும் உள்ளீட்டு வோல்டேஜைப் படிக்காமல் நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் சொருகாதீர்கள்.

முதல் வேலை: உள்ளே என்ன இன்ஜின்?

உங்கள் மாடல் எந்த லோகோவின் நகல் என்று பாருங்கள். அந்த அசல் லோகோவில் எந்த இன்ஜின் இருந்தது என்று தேடுங்கள். கால் மணி நேர வேலைதான். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்க டீசல்களில் மூன்று பெரிய குடும்பங்கள். இ.எம்.டி. இன்ஜின்கள் இரண்டு ஸ்ட்ரோக் வகை. 567, 645, 710 என்று அவற்றுக்கு எண்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை கன அங்குலம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆல்கோவும் ஜி.இ.யும் (ஜெனரல் எலெக்ட்ரிக்) நான்கு ஸ்ட்ரோக். இந்த ஒரு வித்தியாசமே ஒலியைத் தலைகீழாக மாற்றிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 சிலிண்டர் 645 இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று சுற்றும். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றில் 16 சிலிண்டரும் வெடிக்கும். நொடிக்கு 15 சுற்று, 240 வெடிப்பு. தனித்தனி அடியாகக் காதில் விழாது. ஒரே இழையாக, ரீங்காரம் கலந்த உறுமலாகத்தான் கேட்கும். டபிள்யூ.டி.எம்.2-வின் ஆல்கோ முழு வேகத்தில் 1,000 சுற்று சுற்றினாலும், நான்கு ஸ்ட்ரோக் ஆனதால் ஒரு சுற்றுக்கு எட்டு சிலிண்டர்தான் வெடிக்கும், நொடிக்கு 133. ஐட்லிங்கில், அதாவது 400 சுற்றில், வெறும் 53. அதனால்தான் ஸ்டேஷனில் நிற்கும் ஆல்கோ 'தபக் தபக்' என்று அடி அடியாகப் பேசுகிறது. பெரியப்பா சொன்ன மூச்சு வாங்குதல் இதுதான்.

அடுத்தது டர்போ, அதாவது இன்ஜினின் புகை வேகத்தில் சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கும் விசிறி. எல்லா இ.எம்.டி.யும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். ஜி.பி.38-2 என்ற 2,000 குதிரைத்திறன் லோகோவும், எஸ்.டி.40-2 என்ற 3,000 குதிரைத்திறன் லோகோவும் 1972-இல் சேர்ந்தே வந்தவை. இரண்டிலும் 16 சிலிண்டர் 645. ஆனால் முன்னதில் இன்ஜினே சுற்றிக் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் புளோயர், பின்னதில் டர்போ. புளோயர் வைத்தது கரகரத்த தொண்டையோடு வெடிக்கும். டர்போ வைத்தது மேலே ஒரு விசில் இழையோடு பாடும். இ.எம்.டி. டர்போவுக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. குறைந்த சுமையில் அது பல்சக்கரம் வழியாக இன்ஜினாலேயே சுற்றப்படுகிறது, அதனால் ஐட்லிங்கிலேயே விசில் கேட்கும். ஆல்கோவின் டர்போ புகையின் வேகத்தை மட்டுமே நம்பியிருப்பது. த்ராட்டிலைத் திறந்ததும் எண்ணெய் சிலிண்டருக்குள் உடனே போய்விடும், காற்று பின்னாலேதான் வந்து சேரும். அந்தச் சில நொடிகள் கறுத்த புகை குபுகுபுவெனக் கிளம்பும், பிறகுதான் டர்போ ஓலம் எழும். நல்ல ஆல்கோ ஒலிப்பதிவில் இந்தத் தாமதம் தெரியும். மட்டமான பதிவில் தெரியாது. ஒலிப்பதிவை எடை போட என் முதல் சோதனை இதுதான்.

ஆல்கோக்குள்ளும் வகை பார்க்க வேண்டும். ஆர்.எஸ்.1-இல் ஆறு சிலிண்டர் 539, ஆர்.எஸ்.3-இல் 12 சிலிண்டர் 244; ஆர்.எஸ்.11-இல் 251. மூன்றும் மூன்று குரல். ஜி.இ.யில் யூ-போட் என்று செல்லப்பெயர் பெற்ற பழைய வரிசை முதல் டேஷ்-9 வரை எஃப்.டி.எல். என்ற இன்ஜின். பின்னால் வந்த இ.எஸ்.44 வரிசையில் 12 சிலிண்டர் ஜீவோ. எஃப்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் ஜீவோ பேசினால் பழகிய காதுக்கு உறுத்தும்.

நம் பக்கத்து லோகோக்களை மாடலாகச் செய்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குடும்பக் கணக்கு பெரிய வசதி. டபிள்யூ.டி.எம்.2, டபிள்யூ.டி.எம்.3ஏ இரண்டும் 16 சிலிண்டர் 251. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஓடிய ஒய்.டி.எம்.4-இல் 251-இன் ஆறு சிலிண்டர் நேர்வரிசை வடிவம். டபிள்யூ.டி.ஜி.4, டபிள்யூ.டி.பி.4 இரண்டிலும் 16 சிலிண்டர் 710. இலங்கையில் கனடா கொடுத்து, கனடா மாகாணங்களின் பெயரைச் சுமந்து 1954 முதல் ஓடும் எம்2 வகையில் 12 சிலிண்டர் 567. வாரணாசியில் கட்டி அங்கே அனுப்பிய எம்8-இல் மறுபடியும் 251. ஆக, அமெரிக்க லோகோவுக்கென்று விற்கும் ஒலிக்கோப்பிலிருந்தே உங்கள் லோகோவின் இன்ஜின் குரலை எடுத்துக்கொள்ளலாம். ஹார்ன் மட்டும் வேறாக இருக்கும். அதற்குக் கீழே வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை: பழைய லோகோக்களில் சிலவற்றுக்குப் பின்னாளில் இன்ஜினையே மாற்றியிருப்பார்கள். உங்கள் மாடலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், வண்ணம் இரண்டையும் வைத்து எந்தக் காலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காதைப் பழக்குங்கள்

அசல் லோகோவின் காணொளிகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஐட்லிங், கிளம்பும் நேரம், முழுச் சுமையோடு மேடேறுவது, இறக்கத்தில் டைனமிக் பிரேக்கோடு (சக்கரத்து மோட்டார்களாலேயே வேகத்தை அடக்கும் பிரேக்) வருவது, இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் போதும். பிறகு டீகோடர் கம்பெனிகள் தங்கள் தளங்களில் போட்டிருக்கும் மாதிரி ஒலிகளைக் கேளுங்கள். கம்பெனிக்காரர் போடும் மாதிரி நேராகக் கோப்பிலிருந்து வருவது, உங்கள் கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரிலிருந்து வருவது அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேட்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். டீசல் லோகோவில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கிறது, அந்த மின்சாரம் போய்த்தான் சக்கரத்து மோட்டார்களைச் சுற்றுகிறது. ஆகவே இன்ஜின் வேகத்துக்கும் வண்டி வேகத்துக்கும் நேரான உறவு கிடையாது. நூறு வேகன்களை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில் போகும் லோகோ எட்டாம் நாட்ச்சில், அதாவது த்ராட்டிலின் உச்சப் படியில், கதறும். அதே லோகோ இறக்கத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐட்லிங்கில் முணுமுணுத்துக்கொண்டே போகும். டிரைவர் கையில் இருப்பது பெரும்பாலும் எட்டு நாட்ச். இன்ஜின் சத்தம் படிப்படியாகத்தான் ஏறும், இறங்கும்.

வேகத்தைக் கூட்டினால் சத்தம் கூடுவது, குறைத்தால் குறைவது என்று மட்டும் நடந்துகொள்ளும் டீகோடர் எவ்வளவு நல்ல பதிவு வைத்திருந்தாலும் பொம்மை மாதிரிதான் இருக்கும். அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இன்ஜின் சத்தத்தை வண்டி வேகத்திலிருந்து பிரித்து இயக்க இதில் வழி உண்டா? ஈ.எஸ்.யு. கம்பெனியின் லோக்சவுண்ட் டீகோடரில் ஃபுல் த்ராட்டில் என்ற வசதிக்குள் டிரைவ் ஹோல்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் மோட்டார் இருக்கிற வேகத்திலேயே நிற்கும், த்ராட்டில் இன்ஜின் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். சவுண்ட்ராக்ஸ் கம்பெனியின் சுனாமி2 டீகோடர், மோட்டாரின் சுமையைத் தானே உணர்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மேட்டில் உறுமி இறக்கத்தில் அடங்கும். முன்னது கையால் ஓட்டும் ருசி, பின்னது தானே நடக்கும் சௌகரியம். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போதே நாட்ச்சைக் கூட்டி, உறுமவிட்டு, பிறகு மெல்ல நகர்த்துவதில் இருக்கும் சந்தோஷம் சொல்லி மாளாது. ஆனால் என் வீட்டுப் பையனுக்கு அந்தப் பொறுமை இல்லை; அவனுக்குச் சுனாமி.

எந்த டீகோடர்?

இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, ஒரு குடும்பத்தின் பல இன்ஜின்களைக் கம்பெனியே உள்ளே வைத்து விற்பது. சுனாமி2 அப்படிப்பட்டது: இ.எம்.டி., ஜி.இ., ஆல்கோ, பால்ட்வினும் பிறவும் என்று தனித்தனிப் பதிப்புகள். வாங்கிய பிறகு ஒரு சி.வி.யை மாற்றி 567, 645 என்று தேர்ந்தெடுக்கலாம், இன்னொரு சி.வி.யில் ஹார்னைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆல்கோ பதிப்பை வாங்கிவிட்டுப் பிறகு ஜி.இ.யாக மாற்ற முடியாது. ஆகவே வாங்கும்போதே பதிப்பைச் சரியாகப் பாருங்கள். அதே கம்பெனியின் 'எக்கானமி' என்ற டீகோடர் விலையில் கொஞ்சம் இறங்கி வரும், வசதியும் கொஞ்சம் குறையும். டி.சி.எஸ். கம்பெனியின் வாவ்சவுண்டும் இந்த வகைதான். அமைப்புகளை மாற்றும்போது அது வாயால் சொல்லி வழிகாட்டும்; சி.வி. எண்களைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நல்ல துணை.

இன்னொரு வகை, ஒலியை அழித்து மறுபடி ஏற்றக்கூடியது. லோக்சவுண்ட் 5-உம் ஆஸ்திரியாவின் சிமோவும் இதில் அடங்கும். ஈ.எஸ்.யு. தளத்தில் ஒலிக்கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். லோக்புரோகிராமர் என்ற கருவியைக் கணினியோடு இணைத்து ஏற்றலாம். இன்று ஆல்கோ, நாளை 710. சொந்தமாகப் பதிவு செய்த ஹார்னையும் உள்ளே வைக்கலாம். நம்மூர் லோகோ மாடல் வைத்திருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். குறை ஒன்று உண்டு: லோக்புரோகிராமருக்குத் தனியாகப் பணம் வேண்டும். ஒரே ஒரு லோகோ வைத்திருப்பவருக்கு அது தண்டச் செலவு; கடைக்காரரிடமே எந்தக் கோப்பு வேண்டும் என்று சொல்லி ஏற்றி வாங்கிக்கொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கிப் பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

நல்ல ஒலி டீகோடர் சுமார் 100 டாலர், அதற்கு மேலும் ஆகும். கூரியரும் சுங்க வரியும் தனி. இந்தச் செலவை எண்ணித்தான் சொல்கிறேன்: இதுதான் உங்கள் முதல் லோகோ, சாலிடரிங் இரும்பைத் தொட்டதே இல்லை என்றால், தொழிற்சாலையிலேயே டீகோடர் பொருத்தி வரும் லோகோவாக வாங்கிவிடுங்கள். இன்ஜின் சரியா என்பதை மட்டும் அப்போதும் விசாரியுங்கள்.

ஹார்னும் மணியும் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க ஹார்ன்களில் நேதன், லெஸ்லி என்று இரு பெரிய பெயர்கள். நேதன் கே5எல்ஏ ஐந்து குழல் சேர்ந்த இசைவான ஒலி, பழைய லோகோக்களில் ஒற்றைக் குழல் முரட்டு ஹார்ன்களும் உண்டு. 1950-களின் வண்ணத்தில் இருக்கும் லோகோவுக்குக் கே5எல்ஏ பொருந்தாது. லெவல் கிராசிங்குக்கு அங்கே நீளம், நீளம், குட்டை, நீளம் என்று ஊதுவார்கள். ஆகவே பட்டனை அழுத்தும் நேரமெல்லாம் ஹார்ன் ஒலித்து, விட்டதும் அழகாக அடங்க வேண்டும். அழுத்தினால் ஒரே நீளத்துக்கு ஊதிவிட்டு நிற்கும் டீகோடர் வேண்டாம்.

பொருந்துமா?

மூன்று அளவு பார்க்க வேண்டும்: மோட்டார் இழுக்கும் மின்சாரம், உள்ளே இருக்கும் இடம், பிளக்.

மின்சாரத்துக்கு ஒரு பழைய சோதனை. லோகோவை 12 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஆம்மீட்டரைத் தொடரில் இணைத்து, சக்கரம் சுற்றாதபடி ஒரே நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்போது காட்டும் ஆம்பியர்தான் மோட்டாரின் உச்சம். டீகோடரின் அளவு அதற்கு மேல் இருக்க வேண்டும். இக்கால எச்.ஓ. மோட்டார்களுக்கு ஒரு ஆம்பியர் டீகோடர் தாராளம். முப்பது நாற்பது வருடப் பழைய மோட்டாரென்றால் சோதிக்காமல் மாட்டாதீர்கள்.

பிளக் வகைகள் பல: எட்டு முள், 21 முள், 22 முள் கொண்ட பிளக்ஸ்22, எச்.ஓ.வை விடச் சிறிய 'என்' (N) அளவு லோகோக்களுக்கு நெக்ஸ்ட்18. லோகோவின் கையேட்டில் எது என்று இருக்கும். அமெரிக்க லோகோ பலவற்றில் விளக்குப் பலகையையே கழற்றிவிட்டு அதே அளவு டீகோடர் பலகையை வைப்பதுண்டு. பிளக்கே இல்லாத பழைய லோகோவில் கம்பிதான்.

ஸ்பீக்கர்: பாதி ஒலி இங்கேதான்

விலையுயர்ந்த டீகோடருக்கு வந்த ஸ்பீக்கரை அப்படியே கூண்டுக்குள் போட்டு மூடிவிட்டு, "சத்தம் தகரடப்பா மாதிரி இருக்கிறதே" என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். இரண்டு அலையும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முதலில் காணாமல் போவது அடித்தொனி. அதனால் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். செல்போன் ஸ்பீக்கர் மாதிரி இருக்கும் 11-க்கு 15 மில்லிமீட்டர் 'சுகர் கியூப்' ஸ்பீக்கர்களோடு பெட்டியும் கூடவே வரும். பெட்டியை ஒட்டிய இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒலி கெட்டுவிடும். சிலிக்கான் பசையோ வெள்ளை 'பட்டி'யோ (putty) வைத்து அடையுங்கள். சோதிக்க எளிய வழி: சத்தம் வரும்போது பெட்டியின் விளிம்பை விரலால் அழுத்துங்கள். ஒலி மாறினால் எங்கோ ஓட்டை.

எவ்வளவு பெரிய ஸ்பீக்கர்? உள்ளே அடங்குகிற மிகப் பெரியது. பெட்டிக்குள் காற்றுக்கு இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. எண்ணெய்த் தொட்டிக்குள், கேபினுக்குப் பின்னால், எடைக்கட்டியைக் கொஞ்சம் அறுத்து, எங்கு இடம் கிடைத்தாலும் விடாதீர்கள். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். ஐட்லிங்கில் நொடிக்கு 53 வெடிப்பு என்றால் அடிப்படை அதிர்வு 53 ஹெர்ட்ஸ். கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரால் அது முடியாத காரியம். நாம் கேட்பது அதன் மேல்தொனிகளை மட்டும். மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே அடித்தொனியைக் கூட்டுகிறேன் என்று ஈக்வலைசரை இழுத்தால் கரகரப்புதான் மிஞ்சும். தாழ்ந்த தொனியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நடுத்தொனியைத் தெளிவாக விட்டால் லோகோ பெரிதாகக் கேட்கும். எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

ஓம் அளவையும் பாருங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தொடரில் இணைத்தால் 16, பக்க இணைப்பில் 4. டீகோடரின் கையேடு அனுமதிக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போனால் ஆம்ப்ளிஃபையர் சாகும். பழைய லோக்சவுண்ட் 3.5-க்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும். அந்தக் காலத்து டீகோடர் கைமாறி வந்தால் எட்டு ஓமை மாட்டிவிடாதீர்கள்.

மாட்டும்போது

கம்பி நிறங்கள் பொதுத்தரம்: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளின் பொதுக் கம்பி. ஸ்பீக்கர் கம்பி சவுண்ட்ராக்ஸில் ஊதா, ஈ.எஸ்.யு.வில் பழுப்பு.

உயிர்நாடியான விதி ஒன்றே: மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளத்தோடு எந்த வழியிலும் தொடக்கூடாது. பழைய லோகோக்களில் மோட்டாரின் அடிப்பக்க பிரஷ் நேராகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். டேப் வைத்துப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரில் மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் இடையே 'பீப்' வராததை உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு டீகோடரைப் புகைய வைத்தேன். அந்த வாடை ஒரு வாரம் மூக்கில் நின்றது. எல்.இ.டி. விளக்கென்றால் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் சேருங்கள். பலகையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூடியைப் போடும் முன் புரோகிராமிங் தடத்தில், அதாவது டீகோடர் எண்களைப் படிக்கவும் எழுதவும் தனியாக ஒதுக்கிய தண்டவாளத் துண்டில், வைத்து லோகோ எண்ணைப் படித்துப் பாருங்கள். அந்தத் தடத்தில் மின்சாரம் குறைவாகவே போகும். இணைப்பில் தவறு இருந்தாலும் டீகோடர் தப்பிக்கும். புது டீகோடரின் எண் 3. படித்தால் 3 என்று வர வேண்டும்.

தூசி படிந்த தண்டவாளத்தில் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும், சில சமயம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் மறுபடி மறுபடி வரும். நம்மூர்த் தூசிக்கு இது நிச்சயம். முதல் மருந்து, தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பது. அடுத்தது கீப்-அலைவ் எனப்படும் கெப்பாசிட்டர் தொகுப்பு. ஓரிரு நொடி மின்சாரம் அறுந்தாலும் தாங்கும். டீகோடர் கம்பெனி சொல்லும் தொகுப்பையே வாங்குங்கள், கம்பெனி மாற்றி இணைப்பது வம்பு. அது மாட்டியிருந்தால் புரோகிராமிங் தடத்தில் படிப்பது சில சமயம் முரண்டு பிடிக்கும்; அப்போது மெயின் தடத்திலேயே எழுதலாம்.

சத்தத்தைக் குறையுங்கள்

பெட்டியிலிருந்து வரும் டீகோடர் பெரும்பாலும் கத்தும். எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று மாடலைப் பார்ப்பது அசல் லோகோவை 87 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் ஐட்லிங் சத்தம் காதைப் பிளக்குமா? மொத்த ஒலியளவு லோக்சவுண்டில் சி.வி. 63, சுனாமி2-இல் சி.வி. 128. பாதியாகக் குறைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி அளவு உண்டு. இன்ஜினை விட ஹார்ன் நன்றாக ஓங்கி நிற்க வேண்டும், மணியும் கம்ப்ரஸரும் பின்னணியில் இருக்கட்டும். சின்ன ஸ்பீக்கர் பிசிறடிப்பதும் பாதி இதிலேயே போய்விடும்.

அடுத்து சி.வி. 3, சி.வி. 4. இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் லோகோ த்ராட்டிலோடு துள்ளும், ஒலிக்கு ஓடிவர நேரம் இருக்காது. கூட்டினால் இன்ஜின் முதலில் உறுமும், வண்டி தயங்கி நகரும். நிறுத்தவும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கும். முதல் நாள் ஓரிரு முறை தடத்தின் முனையில் முட்டத்தான் செய்யும்.

மெதுவாகப் போகும்போது லோகோ உதறினால் மோட்டார் சரிசெய்தல் தேவை. லோக்சவுண்டில் இதற்குத் தானியங்கி வழி உண்டு: சி.வி. 54-இல் பூஜ்யம் எழுதி, கன்ட்ரோலரில் எஃப்1 பட்டனை அழுத்தினால் லோகோ முழு வேகத்தில் பாய்ந்து தன்னைத்தானே அளந்துகொள்ளும். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் லோகோவில் இதைச் செய்யாதீர்கள். நீளமான நேர்த்தடம் வேண்டும்.

எல்லாம் குழம்பிவிட்டால் லோக்சவுண்டிலும் சுனாமி2-இலும் சி.வி. 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். லோகோ எண்ணும் மறுபடி 3 ஆகும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஒலியளவும் போகும். அதனால் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளின் டீகோடர்புரோவில் எல்லா அமைப்பையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். கணினி வேண்டாமென்றால் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலும் சரி.

இரண்டு லோகோவைச் சேர்த்து ஓட்டும் நாள் வரும்போது ஒவ்வொன்றின் சத்தத்தையும் இன்னும் கொஞ்சம் குறைத்து, பின்னால் வரும் லோகோவின் ஹார்னையும் மணியையும் அடக்கிவிடுங்கள். ஊதுவது முன்னால் போகிறவர் மட்டும்தானே.

ஆர்.எஸ்.11-இல் இப்போது லோக்சவுண்ட் 5, 251 கோப்பு, கேபினுக்குப் பின்னால் இரண்டு சுகர் கியூப். போன தீபாவளிக்கு வந்த பெரியப்பா மறுபடி கண்ணை மூடிக் கேட்டார். நாட்ச்சைக் கூட்டினேன், டர்போ தாமதித்து எழுந்தது. தலையை ஆட்டினார். "இன்ஜின் சரிடா. ஆனா அந்த ரெண்டாவது சிலிண்டர் இன்ஜெக்டரை ஒருக்கா கழட்டிப் பாரு."